மரத்தடி நாற்காலி

பிப்ரவரி 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அப்பா என்னைவிட நல்லா இருக்கார். உனக்கு அந்த இருமல் நின்னுதா? வேளைக்குச் சாப்பிடறியா? பதில்ல முதல்ல இதை எழுது, மத்ததெல்லாம் அப்புறம்.

போன்ல எதையும் பேச முடியாதுன்னு உனக்கே தெரியும். போன் அவர் கட்டில் தலைமாட்டுல இருக்கு. நான் "ஹலோ"ன்னு சொல்றதுக்குள்ள "யாரு, யாரு"ன்னு குரல் வந்துடும். லெட்டர்னா நிம்மதி. ஒட்டி அனுப்பிட்டா உனக்கும் எனக்கும் மட்டும்தான்.

நீ மரப்பண்ணையில வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு கன்னு கொண்டுவந்து கொல்லையில வெச்சுட்டுப் போனியே, ஆப்பிரிக்கா மரம், சிவகுண்டலம்னு பேர்கூட சொன்னியே. தெருவுல அதுக்கு யானையை வெச்சு வேற ஒரு பேர் சொல்றாங்க, அதை எழுத எனக்குக் கை கூசுது. அது இப்ப மாடியைத் தாண்டிடுச்சு. இந்த வருஷமும் கிளைக்குக் கிளை கயிறு தொங்கவிட்டுப் பூத்திருக்கு. ஒவ்வொரு பூவும் டம்ளர் அளவு, ரத்தக் கலர். விடிஞ்சு பார்த்தா எல்லாம் தரையில. அள்ளிக் கொட்டறதுதான் என் முதல் வேலை. இதுவரைக்கும் ஒரு காய்கூட நின்னதில்ல.

நேத்து எதிர்வீட்டுத் தையல்காரரும் அவர் சம்சாரமும் வந்திருந்தாங்க. அப்பா மரத்தடி நாற்காலியில. கால் ரெண்டும் விழுந்ததிலேர்ந்து பகல் பூரா அங்கதான் தர்பார். நான்தான் தூக்கி வைக்கணும், நான்தான் தூக்கிட்டு வரணும். தையல்காரர் சம்சாரம், "இவ்வளவு பூக்குதே, காய்க்காதா?"ன்னு சும்மாதான் கேட்டா. அவர் சிரிச்சுக்கிட்டே என்னைக் கையைக் காட்டினார். "இதுவும் இவளும் ஒரே ரகம்மா. பூத்தாச்சு, கொட்டியாச்சு, நாப்பதும் தாண்டியாச்சு." நான் காப்பித் தட்டோட நிக்கறேன். தையல்காரர் தரையைப் பார்க்கறார்.

அந்த மரம் காய்க்கணும்டி. ஒண்ணாவது காய்க்கணும். அவர் தலைக்கு மேல தொங்கணும், அவர் அண்ணாந்து பார்த்துக்கிட்டே கிடக்கணும். என்ன செய்யணும்னு எழுது.

அவருக்குச் சளியாம், ரெண்டு வேளையும் ஆவி பிடிக்கிறார். கெட்டில் கட்டில் பக்கத்துலயே இருக்கணுமாம். கரண்ட் பில் எகிறுது. உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

இருமல் நின்னுடுச்சு. சாப்பிடறேன். திருப்தியா? உன் முதுகு வலி எப்படி இருக்கு? அவரைத் தூக்கித் தூக்கி உனக்கு முதுகே இல்லாம போகப் போகுது.

மரத்து மேல தப்பில்ல. தன் பூவோட தூள் தன் பூவுலயே பட்டா அந்த மரம் காய்க்காது. இன்னொரு மரத்துத் தூள் வேணும். அதோட ஊர்ல வௌவால் கொண்டுவந்து சேர்க்கும். உன் தெருவுல இன்னொரு மரமும் இல்ல, வௌவால் எங்க போகும் பாவம்? அதனால நீதான் வௌவால்.

இந்தக் கவருக்குள்ள மடிச்ச பேப்பர்ல மஞ்சத் தூள் இருக்கு, கூடவே சின்ன பிரஷ். இங்க இருக்கற மரத்துலேர்ந்து நேத்து எடுத்தது. ஈரம் படாம வெச்சுக்கோ, கைக்கு வந்த அன்னிக்கே போட்டுடு. பொழுது சாஞ்சதும் பூ விரியும், ஏணி போட்டு ஏறு. பூவுக்குள்ள நடுவுல ஒரு தண்டு, அதோட நுனியில ரெண்டு சின்ன உதடு இருக்கும். பிரஷால தூளைத் தொட்டு அதுல தடவு. தடவினதும் உதடு ரெண்டும் மெல்ல மூடிக்கும். மூடினா ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். முதல்முறை பார்க்கறப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு.

இன்னொரு விஷயம். எங்க விதை ரூம்ல இருந்த அம்மா வேலையை விட்டுப் போறாங்க. விதையை ஊற வெச்சு, தோல் உரிச்சு, பிரிச்சு வைக்கிற வேலை, உக்காந்தே பார்க்கலாம். பின்னால ஒரு ரூமும் தர்றாங்க. உன்னைப் பத்தி முதலாளியம்மாகிட்ட சொன்னேன். அக்டோபர் வரைக்கும் உனக்காக வெச்சிருக்கேன்னு சொன்னாங்க. வந்துடு அக்கா. அவருக்கு ஆள் வெச்சுக்கலாம், நானும் பாதி தர்றேன்.

சுண்டு


மார்ச் 14

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலமா? நான் இப்ப வௌவால் உத்தியோகத்துல இருக்கேன், நலத்துக்குக் குறைச்சல் இல்ல.

நீ சொன்னபடியே ஏணி போட்டு ஏறினேன். பூவுக்குள்ள மூக்கை விட்டா பழைய சாக்கு நாத்தம் அடிக்குது, அதைப்பத்தி நீ ஒரு வார்த்தை எழுதலையே? பத்துப் பன்னெண்டு பூவுக்குத் தடவினேன். அந்த உதடு மூடறதைப் பார்த்தேன்டி. அப்பா ஜன்னல் வழியா, "மரத்துக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறியா? யாருக்கு யாரு பார்த்து வைக்கிறது பாரு"ன்னார். நான் இறங்கி வந்து அவருக்கு ரசம் ஊத்தினேன்.

நாலு நின்னிருக்கு. நாலு! விரல் அளவு, பச்சையா. மூணு அவர் நாற்காலிப் பக்கத்துக் கிளைகள்ல, ஒண்ணு தள்ளி துவைக்கிற கல்லுக்கு மேல.

வேலை விஷயம். ஆசையாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா போன தடவை நான் கிளம்பினப்போ என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா? வாசப்படியில உருண்டு விழுந்து, தெருவைக் கூட்டி, "பெத்த பொண்ணு என்னை அனாதையா விட்டுட்டுப் போறா"ன்னு மார்ல அடிச்சுக்கிட்டார். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து என்னைத் திருப்பிக் கூட்டிட்டுப் போனது இந்தத் தெருதான். அந்த நாற்காலி காலியாகாம நான் எங்கயும் போக முடியாது. என்னைக் கட்டிக்கறேன்னு சொன்ன அந்த சர்வேயர் ஊரை விட்டுப் போறப்போ "லெட்டர் போடறேன், பதில் போடு, வந்து கூட்டிட்டுப் போறேன்"னு சொன்னார். ஒண்ணுகூட வரல. அப்பவே போறதுக்குன்னு இருந்த ஆசையில பாதி போயிடுச்சு.

பிஞ்சை எப்படிக் காப்பாத்தறதுன்னு எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா, அக்கா, அக்கா!

நாலா? எங்க பண்ணையிலயே முதல் வருஷம் ஒண்ணுதான் நின்னுது. உன் கை ராசியான கை. இங்க எல்லார்கிட்டயும் சொல்லிப் பீத்திக்கிட்டேன். நான் நலம், முதலாளியம்மா நலம், வேன் மட்டும் நலமில்ல, காரணம் கீழே.

தண்ணியை அடிமரத்துல ஊத்தாதே. கிளை எதுவரைக்கும் நிழல் விழுதோ அந்த வட்டத்துல பாத்தி கட்டி ஊத்து. மட்கின குப்பை ரெண்டு கூடை போடு, மேல காஞ்ச இலை பரப்பு. காயைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதே. பச்சைக் காய் விஷம், யாரும் வாயில வெச்சுடாம பார்த்துக்கோ.

இப்ப வேன் கதை. இந்தக் காய் பெரிசாகும் அக்கா, கை நீளம் வரும், ஏழெட்டுக் கிலோ நிக்கும். போன வாரம் ஒண்ணு விழுந்து எங்க வேன் கூரை ஒரு ஜாண் உள்ள போயிடுச்சு. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால தப்பிச்சான். அப்பா நாற்காலியை இப்பவே அந்தப் பக்கச் சுவரோரமா மாத்திடு. மறக்காதே.

உன் கவர் ஒட்டின இடமெல்லாம் சுருங்கி அலை அலையா வருது. காலம்பூரா தபாலாபீஸ்ல லெட்டர் பிரிச்சு அடுக்கினவர் பொண்ணு, ஒரு கவர் ஒழுங்கா ஒட்டத் தெரியலையே!

சுண்டு


மே 9

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலமான்னு கேக்கறேன். என் நலத்தை நீ கேக்காதே.

கவரை நான் ஒழுங்காத்தான் ஒட்டறேன். எழுதி ஒட்டி அரிசி டப்பாவுக்கு அடியில வெச்சுட்டு, கடைக்குப் போறப்போ போட்டுடறேன். சமையல்கட்டுல ஈரம், அதனால இருக்கும். உன் லெட்டரைத் தபால்காரர் அவர் கையிலதான் கொடுக்கிறார், பழைய சிநேகம். ஒட்டினது ஒட்டினபடியே எனக்குக் கொடுத்துடறார். அந்த ஒரு விஷயத்துல மகராசன் நேர்மைதான்.

போன வாரம் நடந்ததைச் சொல்றேன். சாப்பாடு வெச்சேன். ஒரு வாய் போட்டுட்டு, "விதை ரூம்ல சம்பளம் எவ்வளவு தருவாங்க?"ன்னு கேட்டார். எனக்குக் கரண்டி கீழ விழுந்துடுச்சு. நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. தூக்கத்துல உளறியிருப்பேன் போல. அப்புறம் ரொம்ப சாந்தமா, "போயிட்டு வா, உன் பெட்டியைக் கொண்டா, நானே அடுக்கித் தர்றேன்"னார். நம்பிக் கொண்டுவந்தேன், நான் ஒரு மடச்சி. இருக்கற நல்ல புடவை ரெண்டையும் மடியில போட்டு, கத்தரியால நீளநீளமா வெட்டினார். அவசரமே படல. "கால் இல்லாதவனுக்குத் துடைக்கத் துணி வேணும்ல. நீ போயிட்டா யார் தருவா?"ன்னார். இப்ப அந்தத் துணியாலதான் அவரைத் துடைக்கிறேன்.

காய் நாலும் நல்லா நீண்டுட்டே வருது. ஒண்ணு அவர் நாற்காலிக்கு நேர் மேல.

ஏழெட்டுக் கிலோன்னா எழுதியிருந்தே? இன்னும் கூட வருமா?

அக்கா


ஜூன் 28

அக்காவுக்கு,

பதில் எழுத நாளாயிடுச்சு. வேலை இருந்துச்சு. இல்ல, வேலை இல்ல. எழுத உக்காந்து உக்காந்து எழுந்துட்டேன்.

நான் நலம். நீ புடவைக்குக் கவலைப்படாதே, எனக்கு ஒண்ணுக்கு நாலு இருக்கு.

காய் பத்திக் கேட்டிருந்தே. ஒரே மரத்துல நாலு நின்னா எல்லாம் சுமாராத்தான் வரும். சத்து பிரிஞ்சு போயிடும். மூணைக் கிள்ளிடு. ஒண்ணை மட்டும் விட்டா அது நல்லா கனக்கும். பத்துக் கிலோகூட நிக்கும். எதை விடறதுன்னு நீயே பார்த்துக்கோ.

தண்ணி குறைக்காதே.

சுண்டு


ஜூலை 12

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் லெட்டரைப் படிச்சேன். நாற்காலி பத்தி இந்தத் தடவை ஒண்ணும் எழுதலையே நீ. சரி. நானும் கேக்கல.

ரெண்டைக் கிள்ளிட்டேன். துவைக்கிற கல்லுக்கு மேல இருக்கறது எட்டல, ஏணி பத்தல, அது இருந்துட்டுப் போகட்டும். நாற்காலிக்கு மேல இருக்கறது இப்ப என் கை நீளம். பாத்தியில தினம் எட்டுக் குடம் ஊத்தறேன். முதுகு விட்டுப்போகுது, ஆனா ஊத்தறேன்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? ரெண்டு வாரமா அப்பா ஆளே மாறிட்டார். திட்டறதில்ல. தட்டைத் தள்றதில்ல. நேத்து, "நீ சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்டார். நான் பிறந்ததிலேர்ந்து இந்தக் கேள்வி காதுல விழுந்ததில்ல. அண்ணாந்து காயைப் பார்த்து, "நல்லா வளர்த்திருக்கே, கெட்டிக்காரி"ன்னார். சமையல்கட்டுல போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நாற்காலியை நகர்த்திடலாமான்னு இருக்குடி. மனுஷன் வயசாகித் திருந்தறதே இல்லையா என்ன?

உனக்கு என்ன தோணுது? சீக்கிரம் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 5

அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமில்ல, ஒரு கேள்விக்கே விழுந்துட்டியே.

"சாப்பிட்டியா"ன்னு கேட்டாராம். பரிசு கொடுக்கலாம். எனக்கு நெத்தியில இருக்கற தழும்பு முத்திரைக் கட்டையால வந்தது, ஞாபகம் இருக்கா? எனக்குப் பத்து வயசு. ரத்தத்தைத் துடைச்சுவிட்டது நீ. மறுநாள் அவர் எனக்கு மிட்டாய் வாங்கித் தந்தார், நானும் சப்பிச் சாப்பிட்டேன். அடுத்த வாரம் உன் கையில சூடு வெச்சார். அவர் நல்லவரா இருக்கற நாளெல்லாம் அடுத்ததுக்குத் தயாராகற நாள். உனக்கு வயசு ஏறினதே தவிர இது மண்டையில ஏறல.

முதலாளியம்மா நேத்துகூடக் கேட்டாங்க. அக்டோபர் முடிஞ்சா வேற ஆள் போட்டுடுவாங்க. இதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது. உன் வாழ்க்கை, நீ பார்த்துக்கோ.

காய் பறிக்கிற முறை சொல்றேன். காம்பு பச்சையா இருக்கற வரைக்கும் எமன் வந்து இழுத்தாலும் வராது. காஞ்சு பழுப்பாகி, காயோட சேர்ற இடத்துல வெடிப்பு விட்டா தயார்னு அர்த்தம். அப்புறம் கத்திகூட வேண்டாம். துரட்டியைக் கொடுத்து லேசா ஒரு இழு இழுத்தா போதும். பலத்த காத்து அடிச்சாலும் தானா வந்துடும். காத்துல விழுந்துச்சுன்னா யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க.

பறிக்கிறப்போ கீழே யாரும் உக்காரக் கூடாதுன்னு பண்ணையில போர்டு வெச்சிருக்கோம். அது பண்ணைக்கு.

சுண்டு


செப்டம்பர் 29

அக்கா,

ஏன் பதில் இல்ல? உடம்பு சரியில்லையா? போன் பண்ணினா அவர்தான் எடுக்கறார், "அவ வேலையா இருக்கா"ன்னு வெச்சுடறார்.

போன லெட்டர்ல நான் எழுதினதைக் கிழிச்சுப் போடு. எந்த வாயால எழுதினேனோ தெரியல. பண்ணையில அந்த மரத்துப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்கல. எதுவும் செஞ்சுடாதே அக்கா. அவருக்காகச் சொல்லல, அவர் எப்படிப் போனா எனக்கென்ன. அதுக்கப்புறம் நீ எப்படித் தூங்குவே? எறும்பை மிதிச்சாலே சாப்பிட மாட்டே நீ.

நாற்காலியை நகர்த்து. காயைப் பறிச்சுக் குப்பையில போடு. கட்டின துணியோட வாசலைத் தாண்டு. தெரு கத்தட்டும், அவர் உருளட்டும், திரும்பிப் பார்க்காதே. பஸ் ஸ்டாண்ட்ல நான் வந்து நிக்கறேன். தேதியை மட்டும் எழுது.

ஒரே ஒரு வரி போதும்.

சுண்டு


அக்டோபர் 20

என் இளைய மகளுக்கு உன் தகப்பன் எழுதுவது.

இங்கே நான் பரிபூரண நலம். உன் நலத்துக்கும் குறைவிருக்காது என நம்புகிறேன்.

உன் அக்காளுக்கு எழுத முடியாததால் நான் எழுதுகிறேன். சென்ற மாதம் மரத்தடியில் அவள் உட்கார்ந்து எனக்குப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தாள். காய் விழுந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சும் இல்லை. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். காற்று என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நீ எழுதியபடியே யாரும் யாரையும் கேட்கவில்லை. காம்பைப் பற்றி நீ எழுதியது அத்தனையும் சரி. லேசாக ஒரே இழுப்புதான்.

நான் எப்படி எழுந்தேன் என்று யோசிப்பாய். கால் வந்து மூன்று வருஷமாகிறது. சொல்லியிருந்தால் அவள் நிற்பாளா? சமையல்கட்டு வரை நடப்பேன். அரிசி டப்பா வரை.

தபால் பிரிக்கும் மேசையில் நான் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவன். கெட்டில் ஆவியில் கவரைக் காட்டினால் பசை தானே விடும். அவசரப்படாமல் திறந்து, படித்து, அவசரப்படாமல் ஒட்ட வேண்டும். கண் மங்கிவிட்டது, முன்போல் ஒட்ட வரவில்லை. சுருங்கியிருப்பதை நீ கண்டுபிடித்தாய். நீதான் என் ரத்தம். அவள் அம்மா மாதிரி. அந்த சர்வேயர் பையன் அவளுக்குப் பதினொரு கடிதம் போட்டான். எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அழகான கையெழுத்து. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தினம் ஒன்றாக அவளுக்கு வாசித்துக் காட்டினேன். உன் செப்டம்பர் கடிதத்தையும் வாசித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. காது கேட்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

உன் கடிதங்களையும் கட்டி வைத்திருக்கிறேன். மூன்றைக் கிள்ளி ஒன்றை விடச் சொன்னது, வேன் கூரை, துரட்டி, எல்லாம் உன் கையெழுத்தில். யாருக்கும் காட்ட வேண்டிய அவசியம் வராது என நினைக்கிறேன்.

எனக்கு வயதாகிறது. ஒரு ஆளை வைத்துக் கழுவித் துடைக்க என்னால் ஆகாது. நீ வந்துவிடு. பகலில் அவள் கட்டிலை மரத்தடியில் போட்டிருக்கிறேன், காற்று வாங்கட்டும் என்று. துவைக்கிற கல் பக்கம். அங்கே இருக்கும் காய் இப்போது ஒன்றே ஒன்றாக நிற்பதால் நன்றாகக் கனத்திருக்கிறது. காம்பு பழுக்கத் தொடங்கிவிட்டது.

உன் அக்காள் கடைசியாக உனக்கு எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்தது. அதைப் படித்த பிறகுதான், இனிமேல் தாமதிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அன்புடன்,
அப்பா


செப்டம்பர் 17

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலமா இருக்கியாடி? நான் நலம். இந்தத் தடவை நிஜமாவே நலம், சம்பிரதாயத்துக்கு எழுதல.

உன் ஆகஸ்ட் லெட்டரை வெச்சுக்கிட்டு நாள் கணக்கா சுத்திச் சுத்தி வந்தேன். துரட்டி வாங்கினேன். சுவர்ல சாத்தி வெச்சேன். காம்பு பழுத்திருக்கு, நீ சொன்ன வெடிப்பும் விட்டிருக்கு. நேத்து அவர் நாற்காலியிலயே தூங்கிட்டார். வாயைத் திறந்துக்கிட்டு, எச்சில் ஒழுக. நான் துரட்டியைக் கையில எடுத்தேன். எடுத்து நின்னேன். அப்புறம் எச்சிலைத் துடைச்சுவிட்டேன், அந்தப் புடவைத் துணியாலயே.

என்னால ஆகாதுடி. கோவிச்சுக்காதே. உனக்கு இருக்கற தைரியம் எனக்கு இல்ல. ஆனா வேற ஒரு தைரியம் வந்திருக்கு. நாளைக்கு அவர் நாற்காலியைச் சுவரோரமா போட்டு, காயைப் பறிச்சு வெச்சுட்டுக் கிளம்பறேன். தையல்காரர் சம்சாரத்துகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு வேளைச் சாப்பாடு அவ கொடுப்பா. அவர் உருண்டாலும் புரண்டாலும் இந்தத் தடவை நான் திரும்ப மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். அவளும், "போயிடு, நான் தெருவைப் பார்த்துக்கறேன்"ன்னா. சாயங்கால பஸ். காயையும் மடியில வெச்சுக் கொண்டுவர்றேன், உங்க முதலாளியம்மாவுக்குக் காட்டணும். நான் வளர்த்தது, பத்துக் கிலோ. அதுக்குள்ள இருக்கற விதையை நானே பிரிப்பேன். என் முதல் வேலை அதுதான்.

மேல இருக்கறதைக் காலையில எழுதி அரிசி டப்பாவுக்கு அடியில வெச்சிருந்தேன், இது ராத்திரி எழுதறது. இன்னிக்கு அப்பாவைப் பார்த்தா பாவமா இருக்கு. நாளைக்குக் காலையில அவருக்குப் பேப்பர் படிச்சுக் காட்டணுமாம். கீழே உக்காராதே, உனக்கு முதுகு வலி, என் நாற்காலியில உக்காந்து படி, பக்கத்துல ஒரு கட்டில் போடு, நான் அதுல இருந்துக்கறேன்னு சொல்றார். கடைசி நாள்தானே, சரின்னுட்டேன். அது முடிஞ்சதும் நாற்காலியை நகர்த்தணும்.

விதை ரூம்ல ஜன்னல் இருக்கா? எழுதறதுக்குள்ள நானே வந்து பார்த்துடுவேன்.

அக்கா


அக்டோபர் 27

அப்பாவுக்கு,

நான் நலம். அக்கா எப்படி இருக்காள்னு கேக்கல, நீங்களே எழுதிட்டீங்க.

ஞாயித்துக்கிழமை வர்றேன். வேலையை விட்டுட்டேன், ரூமைக் காலி பண்ணிட்டேன். சமைக்கறேன், துடைக்கறேன், உங்களையும் தூக்கி நாற்காலியில வைக்கறேன். கால் வந்துடுச்சுன்னு தெருவுல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க சொன்ன எதையும் தட்ட மாட்டேன்.

அதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு. கட்டிலைச் சுவரோரமா தள்ளிப் போடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். மரத்துக்குத் தண்ணி ஊத்த வேண்டாம். காயைச் சாக்குல சுத்தி, மேல் கிளையோட கயிறு போட்டுக் கட்டுங்க. தையல்காரரைக் கூப்பிட்டா செஞ்சு தருவார். காம்புல கை படக் கூடாது. துரட்டியை வீட்டுக்குள்ள வெச்சுடுங்க.

விதை ரூம்ல ஜன்னல் இருக்கு, கிழக்குப் பார்த்த ஜன்னல். அக்காவுக்கு இந்த லெட்டரை வாசிச்சுக் காட்டுங்க.

கவரை நான் ஒட்டல. கெட்டில் காய வைக்கிற சிரமம் உங்களுக்கு எதுக்கு.

உங்க சின்ன மகள்